முறுக்கு டின்னோடு வேலை பாஸ் நீட்டிக்கப் போன கதை

போன செவ்வாய்க்கிழமை சிங்கப்பூர் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல, சண்டை போட.

அக்காள் மகள் தேவிகா அங்கே அரசாங்கச் சலுகைக் கட்டணத்தில் வேதியியல் பட்டம் படித்தவள். படிப்பு முடிந்தபின் மூன்று வருடம் அங்கேயே வேலை செய்வேன், தவறினால் நஷ்டஈடு கட்டுவேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் அந்தச் சலுகை. இரண்டு வருடம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் உழைத்துவிட்டாள். இப்போது, அங்கே வேலை செய்ய அரசாங்கம் தரும் அனுமதியான பாஸை நீட்டிக்க முடியாது என்று பதில். அந்த வார வெள்ளிக்கிழமையோடு பாஸ் முடிகிறது. வேலை செய்தே ஆகவேண்டும் என்கிறது ஒரு தாள், செய்யக்கூடாது என்கிறது இன்னொரு தாள். மீதி ஒரு வருடத்தை எங்கே போய்ச் செய்வாள், இங்கே பெக்கோக் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியா?

நேரில் பேசினால் நடக்கும் என்று கிளம்பிவிட்டேன். அக்காள் ஒரு டின் முறுக்கு கொடுத்துவிட்டாள்.

எங்கள் ஊர் பாலோவிலிருந்து எல்லையில் இருக்கும் ஜொகூர் பாரு நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம், காரில் இரண்டு மணி நேரம். தேவிகா அங்கேதான் வாடகைக்கு இருக்கிறாள். சிங்கப்பூருக்குள் போகிற வெளியாட்கள் முன்கூட்டியே இணையத்தில் வருகை அட்டை நிரப்பவேண்டும். இலவசம்தான். பாஸ் உள்ளவர்களுக்கு அது வேண்டாம். எனக்கு அவளே நிரப்பினாள்.

"வர்ற காரணம் கேக்குது மாமா. என்ன போடட்டும்?"

"முறுக்கு விக்கன்னு போடு."

"அப்புறம் உங்கள அங்கயே வெச்சுக்குவாங்க லா."

அக்கரைக்குப் பேருந்துக் கட்டணம் ஐந்து வெள்ளிக்குள். இரண்டு நாட்டையும் இணைக்கும் பாலத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றோம்.

பாஸ் கொடுக்கும் அலுவலகத்தின் வாசலிலேயே காவலாளி மறித்தார். நம்ம ஆள்தான். "அண்ணே, இதுக்கு இங்க யாரையும் பாக்க முடியாது. கம்பெனிதான் ஆன்லைன்ல போடணும்."

சரி என்று அவள் வேலை செய்யும் கம்பெனிக்குப் போனோம். பாஸ் வேலைகளைப் பார்க்கிற சீனப் பெண் எங்கள் பக்கத்து மூவார் ஊர்க்காரி. மலாயில் பேசினோம். விஷயம் இதுதான்: பாஸ் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே நீட்டிக்க மனுப் போடலாம். இவர்கள் போட்டது கடைசி மாதத்தில். அதற்குள் பாஸுக்கு வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் ஏறிவிட்டது. தேவிகாவின் சம்பளம் ஏறவில்லை.

"இவ போட்ட ஒப்பந்தம் என்னாகும்?" என்றேன்.

"அங்கிள், அது அவங்களுக்கும் அரசாங்கத்துக்கும் உள்ளது. எங்களுக்குச் சம்பந்தமில்ல."

"ஆக எல்லாரும் சேர்ந்து என் மருமகள நடுப்பாலத்துல நிறுத்திட்டீங்க. பரவால்ல, உங்க பாஸ் வர்றவரைக்கும் நான் இங்கயே உக்காந்து முறுக்கு திங்கறேன்." டின்னைத் திறந்தேன்.

"மாமா, மானம் போவுது," என்றாள் தேவிகா.

மூவார்க்காரி சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்துக்கொண்டாள். முதலாளிக்குப் போன் போட்டாள், மறுபடியும் போட்டாள். மதியத்துக்குமேல் அவர் சம்பளத்தை உயர்த்தச் சம்மதித்தார். எங்கள் கண்முன்னே மேல்முறையீடு போனது.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முறையீடு உங்கள் கையில் இல்லை, கம்பெனி கையில். ஆறு மாதம் முன்பே நச்சரியுங்கள். சம்பளத் தகுதி ஏறியதா என்று நீங்களே பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியவர்கள் உங்களுக்கு நினைவூட்டமாட்டார்கள்.

இன்று சனிக்கிழமை. பதில் வரவில்லை. பாஸ் முடிந்துவிட்டது. திங்களன்று வேலையிடத்தில் விட்ட சாமான்களை எடுத்துவரப் போகிறாள். இந்த முறை வருகை அட்டை அவளுக்கும் வேண்டும். சற்றுமுன் போனில் கேட்டாள்:

"வர்ற காரணம் என்ன போடட்டும் மாமா?"

"சாமான் எடுக்கன்னு போடு," என்றேன்.