சிவப்புத் துணி கட்டிய டின்

ஐஸ் கம்பெனியில் அவருக்கு ‘வெந்நீர்’ என்று பெயர். இருபத்து நாலு வருஷத்துக்கு முன், வெயிலில் காய்ந்த குழாயில் சுடச்சுடத் தண்ணீர் பிடித்து, ஐஸ் உறையவைக்கும் உப்புநீர்த் தொட்டியில் அவர் இறக்கிய டின், பக்கத்திலிருந்த பச்சைத்தண்ணீர் டின்னை முந்திக்கொண்டு உறைந்துவிட்டது. மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னார். “எங்க, காட்டுய்யா பாப்போம்” என்றார் மேஸ்திரி. காட்டினார். இந்தத் தடவை முந்தவில்லை. அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

அதற்கப்புறம் சாப்பாட்டு இடைவேளையெல்லாம் இதிலேயே போனது. அடையாளத்துக்குச் சூட்டு டின்னின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டுவார். பத்துத் தடவையில் ஒன்றிரண்டு ஜெயிக்கும். அதுவும் அக்கம்பக்கம் ஈ காக்கை இல்லாத நேரம் பார்த்து. கல்லூரி வாத்தியார் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டார். “சில பேர் பாத்தோம்ங்கறாங்க, சில பேர் இல்லவே இல்லங்கறாங்க. எங்களுக்கும் பிடிபடலங்க” என்று அவர் கையை விரித்துவிட்டார்.

நம்பியது ஒரே ஆள், மகள். ஒன்பது வயதில் தொட்டியோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, “இன்னிக்கு நம்ம டின்தான்ப்பா” என்பாள். ஒருநாள் பச்சைத்தண்ணீர்தான் முதலில் உறைந்தது. அவள் முகம் வாடினால் அவருக்குத் தாங்காது. அவள் வேறு பக்கம் பார்த்தபோது துணியை அவிழ்த்து அந்த டின்னில் கட்டிவிட்டு, “ஜெயிச்சுட்டோம்மா!” என்றார். அவள் பார்க்கவில்லை என்று நினைத்தது அவருடைய மடத்தனம். லேசாகச் சிரித்தாள். பிறகு தொட்டிப் பக்கம் வரவே இல்லை. ஏன் என்று கேட்க அவருக்கு முகமும் இல்லை.

வேலையிலிருந்து நிற்கும் கடைசி நாள், அவரை அழைத்துப்போக மகள் வந்தாள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கொஞ்ச நேரத்துக்கு முன் இறக்கியிருந்த இரண்டு டின்களையும் அவள் கண்ணெதிரே தூக்கினார். ஒன்றில் தண்ணீர் அலம்பியது. துணி கட்டியதைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

“பாரும்மா! நல்லாப் பாரு!”

மகள் அவர் தோளில் கை வைத்தாள். “ஆமாப்பா, ஜெயிச்சுட்டோம்.” அதே சிரிப்பு.

“சத்தியமா மாத்தலம்மா.”

“நான் ஒண்ணுமே சொல்லலியேப்பா. கையத் துடைங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

கம்பெனி ஆட்கள் கேலியாகச் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பார். இந்த அன்போடு எப்படிச் சண்டை போடுவது? காலையிலிருந்து ஆளாளுக்கு வந்து விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த அமளியில் துணியைச் சரியான டின்னில்தான் கட்டினோமா என்று யோசித்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கே நம்பிக்கை வரவில்லை.