அண்ணியின் பொய்ப் பென்டிரைவ்

கேஸை மூடி, வீட்டைப் பூட்டி, தெருமுனை வரை வந்துவிட்டு, மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ரகம் என் அண்ணி. அவளோடு சினிமாவுக்குப் போனால் முதல் கால் மணி நேரப் படத்தை மறந்துவிட வேண்டியதுதான். அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான். அண்ணி இங்கே அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள், காது மெஷின் விற்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறாள், மிச்ச நேரமெல்லாம் கவலைப்படுகிறாள்.

காது மெஷினை வாங்கி அப்படியே மாட்டிக்கொள்ள முடியாது. எந்தச் சத்தத்தைத் தூக்க வேண்டும், எதை அடக்க வேண்டும் என்று ஒவ்வொரு காதுக்கும் கம்ப்யூட்டரில் செட்டிங் போட வேண்டும். அப்பாவுக்கு முதலில் யாரோ போட்ட செட்டிங் ஒத்துவரவில்லை. பாத்திரச் சத்தம் மண்டைக்குள் இடிக்கிறது என்று மெஷினைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டு, மாதக்கணக்கில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பெற்ற மகள் நான் கெஞ்சியும் மசியவில்லை. அண்ணிதான் அதைத் தேடியெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, அவரை மறுபடி சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தாள்.

அந்த மெஷினோ பழைய மாடல். அதன் புரோகிராம் பழைய கம்ப்யூட்டரில்தான் ஓடும், கடையிலிருந்த பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டுவிட்டது. அண்ணி தன் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குடிவைத்தாள். விர்ச்சுவல் மெஷின் என்று பெயராம். திரையில் ஒரு கட்டம், அந்தக் கட்டத்துக்குள் முழுசாக இன்னொரு கம்ப்யூட்டர். ஆனால் பென்டிரைவ் இருந்தால்தான் செட்டிங்கைச் சேமிப்பேன் என்று புரோகிராம் அடம்பிடித்தது. நிஜப் பென்டிரைவைச் செருகினால் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு அது தெரிவதும் மறைவதுமாகக் கண்ணாமூச்சி காட்டியது. ஆகவே அண்ணி ஒரு பொய்ப் பென்டிரைவையும் உண்டாக்கினாள். பார்க்கப்போனால் அது லேப்டாப்பில் கிடக்கும் ஒரு ஃபைல். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் அதைப் பென்டிரைவ் என்று நம்பும். கடைசியில் அண்ணியும் நம்பிவிட்டாள்.

போன வாரம் அப்பாவின் மெஷின் பழுதானது. உள்ளே ஒரு பாகத்தை மாற்றினால் செட்டிங் மொத்தமும் அழிந்துவிடும் என்பதால், அண்ணி அதை முன்னாடியே பொய்ப் பென்டிரைவில் சேமித்து, திறந்து பார்த்து, மறுபடி திறந்து பார்த்தாள். மெஷின் ரிப்பேராகி வந்தது ஞாயிற்றுக்கிழமை. கடைச் சாவி அவளிடம்தான் இருக்கும். கடையைத் திறந்து அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தாள், நான் துணைக்கு நின்றேன்.

பென்டிரைவ் காலியாக இருந்தது.

திறந்தாள், மூடினாள், திறந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன அண்ணி?"

"நேத்து உள்ள இருக்கற கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு. எப்பவும் போல பழைய நிலைக்குத் திருப்பினேன்."

அப்படி ஒரு வசதி அதில் உண்டு. நன்றாக ஓடிய ஒரு நாளின் நிலையைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஏதாவது கெட்டால் அந்த நாளுக்கே திருப்பிவிடலாம். பொய்ப் பென்டிரைவும் கூடவே திரும்பிப் போயிருக்கிறது. அந்த நாளில் அதில் ஒன்றும் கிடையாது.

"கம்ப்யூட்டருக்கு என்ன ஆனாலும் பென்டிரைவ் தனியா இருக்கும்னுதானே அதுல போட்டேன்?" என்று என்னைக் கேட்டாள். நான் என்னத்தைக் கண்டேன்? எனக்குப் போனில் ஒரு படம் அனுப்பவே ஆள் வேண்டும்.

எங்கள் முகங்களைப் பார்த்த அப்பா சத்தமாகச் சொன்னார்: "சரியா வரலேன்னா விட்டுடும்மா. இனிமே எனக்கு இது வேண்டாம்."

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன. முதலிலிருந்து ஆரம்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அண்ணி அப்பாவின் தலையில் ஹெட்போனை மாட்டி, பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தும்படி கையால் காட்டினாள்.

அண்ணி சத்தத்தை அனுப்பினாள். அப்பா அழுத்தவில்லை. கூட்டினாள். அழுத்தவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினாள். ஹெட்போனைத் தன் காதில் வைத்துப் பார்த்தாள்.

"எனக்கு நல்லாத்தானே கேக்குது?"

மறுபடி மாட்டி இன்னும் கூட்டினாள். அப்போதுதான் விரல் அசைந்தது. அண்ணி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காது ரொம்ப இறங்கியிருக்கு. அந்தப் பழைய செட்டிங் கிடைச்சிருந்தாலும் இவருக்குப் பத்தாது. அப்ப இத்தன நாளா என்னத்தக் கேட்டாரு?"

அவள் புதுக் கணக்கில் செட்டிங் போட்டு, மெஷினை அப்பாவின் காதில் பொருத்தினாள்.

"மாமா, கேக்குதா?"

அப்பா நிமிர்ந்தார். "கேக்குதே. நீ இவ்ளோ மெதுவாவா பேசுவ?"

"எப்பலேர்ந்து மாமா சரியா கேக்கல?"

"ஆச்சு, ரெண்டு வருஷம் இருக்கும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உனக்குத் தூக்கம் போயிடும். அதான் உன் மொகத்தப் பாத்துக்குவேன். சிரிச்சுகிட்டே கேட்டா சரின்னு தலையாட்டுவேன். பயந்த மாதிரி இருந்தா வேண்டாம்னு ஆட்டிடுவேன். இதுவரைக்கும் ஒண்ணும் தப்பாகல."

அதைப் பெருமையாக வேறு சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. போன வருஷம் அண்ணன் தன்னோடு வந்து இருக்கும்படி அண்ணியைக் கூப்பிட்டான். நானும் அப்பாவை என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் பயந்துகொண்டே அப்பாவிடம் போய்க் கேட்டாள். அப்பா வேண்டாம் என்று அழுத்தமாகத் தலையாட்டினார். மாமாவுக்கு மனசில்லை என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டு, எடுத்துவைத்த துணிகளை மறுபடி பீரோவில் அடுக்கினாள். சுயநலம் பிடித்த மனுஷன் என்று நான் அப்பாவை மனசுக்குள் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன்.

அண்ணி எழுந்து, அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லேப்டாப் பக்கம் திரும்பி நின்றாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

"மாமா, நான் அவர்கூடப் போய் இருக்கட்டுமா?"

குரல் அடங்கித்தான் வந்தது. அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

"நானே கேக்கணும்னு இருந்தேன்," என்றார். "நீ ஏம்மா இன்னும் போகல?"