அவர் பேச, நான் சொன்னது

எனக்கென்று செய்து வைத்திருந்த கூண்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட்ட மண்டபத்துக்கும் தேநீர் அறைக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தைப் பலகையால் அடைத்து, முன்பக்கம் ஒரு கண்ணாடி போட்டிருந்தார்கள். அதற்கு முன் அங்கே சிற்றுண்டிப் பெட்டிகள் வைப்பார்களாம். உள்ளே போய் உட்கார்ந்தால் மீன் பணிஸ் வாசம். மேசையில் ஒலிவாங்கி, ஒரு ஹெட்செட், தண்ணீர்ப் போத்தல். "மிஸ்ஸுக்கு மின்விசிறி அடுத்த மாதம் வரும்" என்றார் சபைச் செயலாளர், பெருமையோடு.

கண்டியிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் உள்ள ஒரு பிரதேச சபை அது. நான் கண்டி நகரத்து மஹய்யாவவில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், வாசலுக்கு வெளியே சிங்களம் என்று இரண்டையும் ஒன்றாகவே பேசப் பழகியவள். ஓர் அரசாங்கக் கந்தோரில் பல வருடங்களாகக் கடிதங்களையும் சுற்றறிக்கைகளையும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பேசப் பேச உடனுக்குடன் மாற்றிச் சொல்லும் உரைபெயர்ப்பு வேறு வித்தை. அதற்குச் சனி ஞாயிறுகளில் வகுப்புக்குப் போனேன். எங்களுக்குப் பயிற்சி தந்த அம்மணி முதல் வகுப்பிலேயே ஒரு விதி சொன்னார். பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். "'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொன்னால் அது ஊர்க்கதை. கூட்டாதே, குறைக்காதே, இனிப்புத் தடவாதே."

வீட்டில் தொலைக்காட்சிச் செய்தியை வைத்துப் பழகினேன். தேங்காய் துருவிக்கொண்டே, "அமைச்சர் என்ற வகையில் நான் இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்" என்பேன். "அமைச்சரம்மா, ரொட்டி கருகுது, அதையும் கண்டிங்க" என்பார் என் கணவர்.

வகுப்பு முடிந்ததும் அந்தச் சபை தன் கூட்டங்களுக்கு உரைபெயர்க்க என்னை அழைத்தது. அங்கே தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் உறுப்பினர் ஒருவர் இருந்தார். தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், பெண்களுக்கான ஒதுக்கீட்டில் சபைக்கு வந்திருந்தார். எனக்கு அக்கா வயது. சந்தைக்குப் போதுமான சிங்களம் தெரியும், சபைக்குப் போதாது. அதுவரை அவர் எழுந்து பேசினால், பக்கத்துக் கதிரையில் இருந்த உறுப்பினர் எழுந்து சிங்களத்தில் இரண்டு வரி சொல்வாராம். அவர் அக்குறணைப் பக்கம் கடை வைத்திருந்த நல்ல மனுஷர். அக்கா பத்து நிமிஷம் பேசுவார். இவர், "நூலகம் பற்றிப் பேசுகிறார், சபைக்கு நன்றியும் சொல்கிறார்" என்று முடித்துவிடுவார். குறைகிறது என்று அக்காவுக்குத் தெரியும். எது குறைகிறது என்றுதான் தெரியாது.

முதல் கூட்டம் தொடங்கியது. தவிசாளர் எல்லோரையும் ஹெட்செட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். தலைமுடி கலைகிறது என்று ஒருவர் முறைப்பட்டார். இன்னொருவர் அதைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று கை காட்டினார். பிறகு அக்காவின் முறை வந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"தவிசாளர் அவர்களே, நான் கேக்கிறது பெரிய விஷயம் இல்லீங்க. சந்தியில இருக்கிற நம்ம சபை நூலகம் ஞாயித்துக்கெழம மூடியிருக்கு. தோட்டத்து ஆளுங்களுக்கு லீவு கெடைக்கிறதே அன்னைக்கி ஒரு நாளுதான்."

நானும் அதே வேகத்தில் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனேன். குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம். ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது மண்டபம் முழுவதும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. காதில் கேட்பது என் குரல், கண்ணாடிக்குப் பின்னால் அசைவது என் வாய். உறுப்பினர்கள் எல்லோரும் அக்காவுக்கு முதுகைக் காட்டியபடி, கூண்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா பேச்சை நிறுத்தினார். முகம் சிவந்தது.

"பேசுறது நானு. அங்க என்னத்த பாக்குறீங்க? என்னப் பாருங்க!"

விதி விதிதான். நானும் ஒலிவாங்கியில் சிங்களத்தில் சொன்னேன்: "மங் திஹா பலன்ன!" என்னைப் பாருங்கள்!

உடனே பாதி தலைகள் இன்னும் நன்றாக என் பக்கம் திரும்பின. ஒருவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அட, இந்தப் பக்கம் பாருங்கங்கிறேன்!" என்றார் அக்கா. நானும் அப்படியே சொன்னேன். எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்தார்கள். தவிசாளர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டு கதிரையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பார்க்க ஆள் இல்லாமல் போனதும் அவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். மீதிப் பேச்சு முழுவதையும் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டுதான் சொல்லி முடித்தேன்.

ஞாயிறு திறந்துவிட்டுத் திங்கள் மூடலாம், தமிழ்ப் பத்திரிகை ஒன்றாவது வாங்கிப் போட வேண்டும், இதை முன்பும் மூன்று தடவை கேட்டிருக்கிறேன் என்று அக்கா முடித்தார். அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். பல தேர்தல் கண்டவர், கிண்டலுக்குப் பேர் போனவர். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் அக்காவின் காதுக்குத் தமிழில் தந்தேன்: "இவ்வளவு நாளும் இந்த நோனா வாயே திறக்கவில்லை. இன்றைக்குத் திறந்தால் மூடுகிறாரில்லை."

கொஞ்சம் மென்மையாக்கியிருக்கலாமோ என்று நினைப்பதற்குள் அக்கா சிரித்துவிட்டார்.

"வாய் எப்பவும் தொறந்துதான் இருந்திச்சுங்க ஐயா. ஒங்க காதுதான் இன்னைக்கித் தொறந்திருக்கு."

இதையும் இனிப்புத் தடவாமல் சிங்களத்தில் சொன்னேன். என்ன நடக்கிறது என்று பார்க்க மெல்லத் தலையைத் தூக்கினேன். மூத்தவர் ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு முதலில் சிரித்தது அவர்தான். "நோனா சொல்வது சரி. மூன்று தடவை கேட்டார் என்று எனக்கு இன்றுதான் தெரியும். நான் ஆதரிக்கிறேன்" என்றார். செயலாளர், நூலகப் பொறுப்பாளரிடம் அதற்குள் தொலைபேசியில் பேசிப் பார்த்ததாகவும் திங்கள் விடுமுறை அவருக்கும் வசதி என்றும் சொன்னார். தீர்மானம் நிறைவேற, ஒரு தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

கூட்டம் முடிந்ததும் கடைக்கார உறுப்பினர் கூண்டுக்கு வந்தார். அவருக்கு இரண்டு மொழியும் தெரியும். இருந்தும் நாள் முழுக்க ஹெட்செட்டைக் கழற்றவே இல்லை.

"தங்கச்சி, நான் எனக்கு வெளங்கினத்தத்தான் இவ்வளவு நாளும் சொன்ன. அவங்க பேசக்கொள்ள என்ட பேச்சையும் யோசிச்சிக்கிட்டு இருப்பன், பாதி விட்டுப் போயிரும். இனி நான் என்ட வேலயப் பாக்கலாம்" என்றார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. அக்காவிடமும் போய் அதையே சொன்னார். "நீங்க இல்லாட்டி அந்த ரெண்டு வரியும் போயிருக்காதே" என்று அக்கா அவருக்குத் தேநீர் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த கூட்டத்துக்குள் செயலாளர், முச்சக்கர வண்டிக் கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புத் தாளை வாங்கிக் கூண்டுக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். எனக்கு எல்லோரும் தெரிந்தார்கள், நான் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தன்று காலையில் அக்கா கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, நான் பேசுறதுல நீங்களா கொஞ்சம் அழகா சேத்துச் சொல்லுங்களேன். நீங்க படிச்சவங்க."

"அக்கா, நீங்க அழகா பேசினா நானும் அழகா பேசுவேன். கோவமா பேசினா கோவமா பேசுவேன். சேக்கிறதுக்கு எனக்கு அனுமதி இல்ல."

"அப்ப நாந்தான் ஒழுங்கா பேசணும்" என்றார். "ஆமா" என்றேன். அன்றிலிருந்து அவர் பேச வேண்டியதை வீட்டில் தன் மகளிடம் பேசிக் காட்டிவிட்டுத்தான் வந்தார். முன்பு பத்து நிமிஷம் பேசியவர், நான்கு நிமிஷத்தில் கேள்வியும் காரணமும் சொல்லி உட்காரத் தொடங்கினார்.

மற்றவர்களும் மாறினார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் நான் நிறுத்திவிடுவேன். ஒரு வாயால் இரண்டு பேருக்குப் பேச முடியாதே. ஹெட்செட் மௌனமானதும் தவிசாளர் மணியை அடிப்பார், "ஒவ்வொருவராக" என்பார். அதற்கு முன் அந்த மணி பூச்சாடிக்குப் பக்கத்தில் சும்மா கிடந்ததாம். தொலைபேசியில் கேட்டே செய்தி எழுதி வந்த ஒரு தமிழ் நிருபரும் நேரில் வந்து, பார்வையாளர் வரிசையில் ஹெட்செட்டோடு உட்கார்ந்தார். இடைவேளையில் என்னிடம், "முக்கியமா எதப் போடலாம் மிஸ்?" என்று கேட்டார். "எனக்கு எல்லாமே முக்கியம்தான். தெரிவு செய்யிறது உங்க வேலை" என்றேன். சிரித்துக்கொண்டே திரும்பிப் போய் எழுதினார்.

நூலகம் ஞாயிறு திறந்த முதல் வாரம், பார்க்காமல் இருக்க முடியவில்லை. கணவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சந்தியில் இறங்கும்போதே பேச்சுச் சத்தம் கேட்டது. நூலகப் பொறுப்பாளர் பக்கத்துச் சங்கக் கட்டடத்திலிருந்து கதிரைகளைத் தூக்கி வந்துகொண்டிருந்தார். வாங்கியது ஒரே ஒரு தமிழ்ப் பத்திரிகை, வந்திருந்ததோ அவ்வளவு பேர். அதனால் தாள் தாளாகப் பிரித்துவிட்டார்கள். விளையாட்டுப் பக்கத்தை நான்கு இளைஞர்கள் நான்கு மூலையிலும் பிடித்திருந்தார்கள். வேலைவாய்ப்புப் பக்கம் ஒரு பெண்ணிடம். அவள் சத்தமாக வாசிக்க, சுற்றியிருந்தவர்கள் "அந்த வேல தூரம், அடுத்தத வாசி" என்றார்கள்.

அக்கா என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க, வாங்க! அடுத்த கூட்டத்துல ரெண்டாவது பேப்பர் கேக்கப் போறேன். நீங்களே பாருங்க, ஒண்ணு பத்துமா?"

என் கணவர் அதற்குள் ஒரு கதிரை பிடித்து, யாரிடமோ இராசிபலன் துண்டை வாங்கி விரித்துவிட்டார். வெளியே வெயில் நன்றாக ஏறியிருந்தது. மலைச்சரிவுப் பாதையில் இன்னும் ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.