ஒரு வில்லை அதிகம்

கடலுக்கு நடுவே இரும்புக் கால்களில் நின்ற எங்கள் எண்ணெய் மேடையில், ஸ்டோரைப் பார்த்துக்கொண்டவரைப் பூட்டு அண்ணன் என்போம். ஒரு நட்டு வாங்கப் போனால்கூட, பழைய நட்டு என்ன ஆனது என்று குறுக்கு விசாரணை செய்வார். கஞ்சன், முன்கோபி. சமையல்காரனான என்னிடம் மட்டும் வாலைச் சுருட்டிக்கொள்வார். சோறு போடுகிறவனைப் பகைத்துக்கொண்டு நடுக்கடலில் எங்கே போவது?

அவருடைய தம்பி அங்கேயே வெல்டராக இருந்தான். ஒரு மழைக்காலத்தில், கீழ்த்தளத்தில் குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவனை அலை அடித்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. உடலைப் பார்க்காமல் செத்தான் என்று எப்படிச் சொல்வது என அண்ணன் ஒரே பிடியாக நின்றார். வீட்டில் தம்பி மனைவி அழுதபோது, "எதுக்கு அழற? அவன் வருவான்" என்று அதட்டிவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை.

மேடையில் கால் வைத்ததும் அவரவர் பெயர் எழுதிய வட்டத் தகர வில்லையைப் பலகையில் மாட்ட வேண்டும். அபாயச் சங்கு ஊதினால் அதை எடுத்துக்கொண்டு ஓடி, உயிர்காக்கும் படகுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பியில் மாட்ட வேண்டும். அந்த வில்லைகளை எண்ணினால் ஆட்களை எண்ணிய மாதிரி. தம்பியின் வில்லையைப் பலகையிலிருந்து கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் அண்ணனே அதையும் சேர்த்து எடுத்துவந்து மாட்டுவார். எண்ணுகிறவர் ஒன்றைக் கழித்துக்கொள்வார்.

பிறகு எண்ணெய் வற்றிப் பாதி மேடையைப் பூட்டிப் போட்டார்கள். அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் யானை இறந்தாலும் ஆயிரம் பொன் அல்லவா? மூடிய கிணறுகளைத் திறந்து, பக்கவாட்டில் துளைத்து, மிச்சம் மீதியையும் எடுத்துவிடலாம் என்று கம்பெனி வந்து இறங்கியது. புது ஆட்கள், புது சேஃப்டி ஆபீசர். அந்தப் பெண் பலகையைப் பார்த்துவிட்டு, விஷயத்தையும் கேட்டுக்கொண்டு, "நீங்களே எடுத்துடுங்க அண்ணே" என்று தன்மையாகத்தான் சொன்னாள். அவரும் எடுத்தார். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கிணறுகள் திறந்ததும் பழைய குழாய்கள் சத்தம் போட ஆரம்பித்தன. டொக், டொக். சூடான வாயு ஓடினால் இரும்பு விரியத்தான் செய்யும் என்றார் எஞ்சினியர். "என் தம்பி கசடு தட்டுறான்" என்றார் பூட்டு அண்ணன். பற்றவைத்த இடத்தில் படியும் கசடை வெல்டர்கள் சுத்தியலால் தட்டித்தான் எடுப்பார்கள். அவர் சொன்ன பிறகு எனக்கும் அப்படியேதான் கேட்டது. பாத்திரத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வந்துவிடுவேன். பயம்தான், சொல்ல என்ன வெட்கம்?

ஒரு நாள் காலையில் சங்கு ஊதியது. ஒத்திகை இல்லை. பழைய பகுதியில் வாயு கசிந்துவிட்டது. முகமூடியை மாட்டிக்கொண்டு படகுக்கு ஓடினோம். யார் எவர் என்று அடையாளம் தெரியவில்லை. ஆபீசர் கம்பியில் இருந்த வில்லைகளை எண்ணினாள்.

"எல்லாரும் வந்தாச்சு. ஏறுங்க!"

சங்கு நின்றது. அந்த அமைதியில் பழைய பகுதியிலிருந்து கேட்டது: டொக், டொக், டொக்.

"கேட்டியா? கூப்பிடுறான்" என்றார் அண்ணன் என்னிடம். குரல் குழைந்திருந்தது. அப்போதுதான் கம்பியைப் பார்த்தார். ஓடிவந்த வேகத்தில், பழக்கதோஷத்தில், பையிலிருந்த வில்லையையும் தன்னுடையதோடு சேர்த்து மாட்டியிருந்தார்.

"இவன் இங்க இருக்கான்" என்று முனகினார். "அப்ப அங்க தட்டுறது யாரு?"

அவர் தன் முகமூடியைப் பிடுங்கி எறிந்தார்.

"நிறுத்துங்க! ஒரு ஆள் குறையுது! இது என் தம்பியோடது. அவன் இல்லம்மா, அவன் செத்துட்டான்! என் தம்பி செத்துட்டான்!"

காற்றுச் சிலிண்டரோடு இரண்டு பேர் ஓடினார்கள். துருப்பிடித்து இறுகிப்போன கதவுக்குப் பின்னால் புதுப் பெயின்டர் ஒருவன் மாட்டிக்கொண்டிருந்தான். கையிலிருந்த சுரண்டியால் கதவைத் தட்டித் தட்டி, கடைசியில் கீழே சரிந்திருந்தான். மூச்சு இருந்தது. பிழைத்துக்கொண்டான்.

மதியம் அண்ணன் தம்பி மனைவிக்குப் போன் போட்டார். எண்களை நான்தான் அழுத்தினேன். மேடை முழுக்க அமைதியாக இருந்தது. கிணறுகளை மூடிவிட்டதால் குழாய்களிலும் சத்தமில்லை.

"அவன் வரமாட்டாம்மா" என்றார். "செத்துட்டான்."

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது.

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள். "இப்ப நான் அழலாமா?"