கூடைக்குள் அடித்த போன்

நான் ஜெபித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் என்னுடைய பெனிபிட் பறிபோனது. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லும் இந்தச் சாட்சியை இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வருமானம் நின்றது பயமாக இருந்தது. ஆண்டவருடைய சமுகத்தில் முழங்காலில் நின்றபோதே அது நின்றது என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

என்னை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் மென்பொருள்களைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அம்மாவோடு வாடகைக்கு இருக்கிறேன். சென்ற ஆண்டு இறுதியில் கம்பனி ஆட்களைக் குறைத்தபோது என் பெயரும் அதில் போனது. முதியோர் இல்லத்தில் வேலை செய்த அம்மா, முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அதிக நேரம் நிற்கவும் முடியாமல் இருந்தார். அவருக்கு உரிய உதவி இன்னும் முடிவாகவில்லை. ஆகவே வாடகை, சாப்பாடு, ஹீட்டிங் எல்லாம் வேலையில்லாதவர்களுக்கு அரசு தருகிற அந்தப் பெனிபிட்டை நம்பியே இருந்தன.

எங்கள் சபையின் உபவாச ஜெபம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு சமூக மண்டபத்தில் நடக்கும். வாசலில் உடுப்புத் தோய்த்துப் போடுகிற பெரிய பிளாஸ்டிக் கூடை ஒன்று இருக்கும். உள்ளே போகிற எல்லோரும் தங்கள் போனை அதில் போட வேண்டும். கூடைக்குப் பொறுப்பு ரஞ்சி அன்ரி. உபவாசம் முடிக்கிற கஞ்சியைக் காய்ச்சுவதும் அவரே. அதனால் ஜெபம் நடக்கும்போது அவர் சமையலறைக்கும் கூடைக்கும் நடுவில் நடந்துகொண்டிருப்பார்.

பெப்ரவரி மாத ஜெபத்துக்காக நான் முதல்நாள் மாலையே போனை அணைத்துவிட்டேன். காலையில் பஸ் நேரம் பார்க்க மட்டும் திறந்தேன். சில செய்திகள் வந்திருந்தன. ஜெபம் முடிந்து பார்க்கலாம் என்று திறக்காமல் விட்டேன். சத்தத்தையும் குறைக்க மறந்து, அப்படியே கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனேன். அன்று நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு வேலை.

மாலையில் பஸ்ஸில் இருந்தபடி அந்தச் செய்திகளைத் திறந்தேன். பெனிபிட் அலுவலகத்தோடு அடுத்த வாரம் நடக்க இருந்த என் சந்திப்பு அன்று காலைக்கு மாற்றப்பட்டிருந்தது. புதிய அலுவலர் ஒருவர் போனில் அழைப்பார், கட்டாயம் பேச வேண்டும் என்று எழுதியிருந்தது. அழைப்பு வந்து போயிருந்தது. பஸ்ஸிலேயே என் இணையக் கணக்கில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஒரு அழைப்புத்தானே தவறியது, விளங்கிக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொன்னேன்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. என் பெனிபிட் கோரிக்கை மூடப்படுகிறது, இனிப் பணம் வராது. காரணத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் அழைப்பைத் தவறவிட்டேன் என்று அவர்கள் சொல்லவில்லை. அழைப்பு எடுக்கப்பட்டது, ஆனால் நான் பேச மறுத்தேன் என்று இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பிழையைக் கண்டால் முதலில் அது எந்த இடத்தில், யாருடைய கையில் நடந்தது என்று பார்ப்போம். போனை எடுத்துப் பார்த்தேன். அந்தக் காலையில் இரண்டு அழைப்புகள். முதலாவது தவறியிருந்தது. இரண்டாவதை யாரோ எடுத்துப் பேசியிருந்தார்கள்.

அந்த நேரத்தில் என் போன் இருந்த இடம் எனக்குத் தெரியும். கூடைக்குப் பக்கத்தில் இருந்தவர் யார் என்பதும் தெரியும். ரஞ்சி அன்ரியோ அடுத்த இரண்டு ஞாயிறும் ஆராதனைக்கு வரவில்லை.

அதன்பின் வந்த நாட்களைப் பயத்தின் நாட்கள் என்றுதான் சொல்லவேண்டும். படிக்கட்டில் வீட்டுக்காரரின் காலடி கேட்டால் மூச்சை அடக்கிக்கொள்வேன். தபால் விழுந்தால் எடுக்கப் போகாமல் நிற்பேன். ஹீட்டிங்கை நிறுத்தினோம். அம்மா கட்டிலில் குளிர்ச் சட்டையோடு கிடந்தார். நான் வழக்கம்போல் பயங்களை ஒழுங்குபடுத்த முயன்றேன்: முதலாவது வீடு, இரண்டாவது அம்மாவின் முதுகு, மூன்றாவது வேலை. நான்காவதை மனதில் வைத்திருக்கவே பயந்தேன். ஆண்டவர் அந்த வெள்ளிக்கிழமை என்னைக் கேட்டிருந்தால், ஏன் அதே நேரத்தில் இதை அனுமதித்தார்?

வீட்டுக்காரர் சிவம் அண்ணை கெட்டவர் அல்ல. கதவருகில் நின்று தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"தங்கச்சி, எனக்கும் இந்த வீட்டுக்கு மோர்கேஜ் கட்டக் கிடக்கு. இந்த மாதம் பொறுக்கிறன். அடுத்த மாதம் ஏலாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவங்களிட்டை ஆஸ்பத்திரியிலை நிண்டனான் எண்டு சொல்லுங்கோவன். அம்மாவுக்கு வருத்தம் எண்டது உண்மைதானே. உங்கடை கடவுள் இதுக்கெல்லாம் கோவிக்க மாட்டார்."

எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆஸ்பத்திரி என்பது அவர்கள் ஏற்றுக்கொள்ளும் காரணம். ஜெபம் ஒரு காரணமாகுமா? மறுபரிசீலனைக்காக எழுத உட்கார்ந்தபோது 'ஆஸ்பத்திரி' என்ற சொல்லைத் தட்டச்சும் செய்துவிட்டேன். ஆனால் அடுத்த வரியை எழுத முடியவில்லை. எந்த ஆண்டவரிடம் உதவி கேட்கிறேனோ அவரோடு இருந்த நேரத்தையே மறைத்து, அதே உதவியை எப்படிக் கேட்பது? அதை அழித்துவிட்டு நடந்ததை எழுதி அனுப்பினேன். நேரில் வந்து விளக்கும்படி ஒரு நாள் கொடுத்தார்கள்.

அதற்கு முன் ரஞ்சி அன்ரியைப் பார்க்கப் போனேன். கோபத்தோடுதான் போனேன். வழி நெடுகக் கேள்விகளை அடுக்கிக்கொண்டு போனேன். அவர் சங்கிலியை எடுக்காமல் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். என் முகத்தைக் கண்டதும், நான் வாய் திறக்கும் முன்பே சொன்னார்.

"நான்தான் எடுத்தனான், பிள்ளை."

ஒரு கேள்வியும் பிறகு எனக்கு ஞாபகம் வரவில்லை.

உள்ளே இருத்தித் தேத்தண்ணி தந்தார். போன் ஒருதரம் அடித்து ஓய்ந்ததாம். மறுபடியும் அடித்தபோது ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று எடுத்தாராம். தெரிந்த இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு வைத்தாராம். அது கவர்மெண்ட் அழைப்பு என்பதும், அதனால் எனக்கு நேர்ந்ததும் பிறகு சபையில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்ததாம்.

"ஏன் அன்ரி என்னட்டைச் சொல்லேல்லை?"

"பயந்துபோனன். கவர்மெண்டோடை கதைச்சுப்போட்டு வைச்சிட்டன் எண்டு என்னைப் பிடிச்சால்?"

இதை வாசிக்கிற சிலர் சிரிக்கக்கூடும். ரஞ்சி அன்ரியை அறிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர் அகதி விண்ணப்பத்தோடு பல ஆண்டுகள் காத்திருந்தவர். குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போகும் ஒவ்வொரு முறையும், திரும்பி வர விடுவார்களோ தெரியாது என்று பையில் மாற்று உடுப்பும் கொண்டு போனவர். விசா கிடைத்து எத்தனையோ காலமாகியும், வாசலில் காவலாளி நிற்கிற கட்டடம் என்றால் மறுபக்கத்து நடைபாதைக்குப் போய்விடுவார். அவரிடம் எப்படி "வாருங்கோ" என்று கேட்பது? நான் கேட்கவில்லை. சந்திப்பு எந்த நாள் என்று அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். வரவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வீட்டில் இருப்பது ஒரே அறை. அம்மா கேட்கக் கூடாதென்று குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அதுவரை என் ஜெபம் ஒரு அட்டவணை மாதிரி இருந்தது. இதைத் தாரும், இந்தத் தேதிக்குள் தாரும் என்று கேட்டேன். அன்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "ஆண்டவரே, எனக்காகப் பேச ஒருவரும் இல்லை" என்று மட்டும் சொன்னேன். எழுந்தபோது ஆறுதல் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. பயம் அப்படியே இருந்தது. அதோடுதான் படுத்தேன்.

சந்திப்பு நாளில் மழை. அலுவலகத்துக்கு எதிரே பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கண்ணாடிக் கதவுக்குச் சற்றுத் தள்ளி, காவலாளியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி, ஆராதனைக்கு உடுக்கிற சேலைக்கு மேல் குளிர் அங்கி போட்டு ரஞ்சி அன்ரி நின்றார். கையில் ஒரு பை இருந்தது. அதில் மாற்று உடுப்பு இருந்தது என்று பிறகுதான் அறிந்தேன்.

"நீ போன நாளிலை இருந்து முழங்காலிலை நிக்க ஏலாமல் கிடக்கு, பிள்ளை" என்றார். "கண்ணை மூடினால் உன்ரை முகம். போ, போ எண்டு ஆரோ சொல்லிக்கொண்டே இருக்கினம். கால் நடுங்குது. பிடிச்சுக்கொள்."

நான் பிடித்தேன். யாருடைய கை அதிகம் நடுங்கியது என்று எனக்குத் தெரியாது.

உள்ளே எங்களுக்கு எதிரே இருந்தவர் அந்தப் புதிய அலுவலர். அன்று அழைத்தவரே அவர். நான் நடந்ததை ஒழுங்காகச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டார், ஆனால் முகம் மாறவில்லை. அழைப்பை எடுத்தவர் இவர்தான், இவர் சொல்வதை நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். அது முடியாது என்றார். என் சொந்த விஷயத்தில் நானே மொழிபெயர்க்கக் கூடாதாம். வேறொருவரை ஒழுங்கு செய்ய இன்னும் சில வாரங்கள் ஆகுமாம்.

சில வாரங்கள். சிவம் அண்ணையின் அடுத்த மாதம் என் தலைக்குள் அடித்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

ரஞ்சி அன்ரி என் கையை விட்டார். நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். காதில் போன் வைத்திருப்பதுபோல் கையை வைத்தார். கஞ்சிப் பானை பொங்கும் அவசரத்தில் இருப்பவர்போல, உரத்த குரலில் சொன்னார்:

"ஹலோ. நோ. ஷி நோ கம். நவ் பிரேயர். ஓல் பீப்பிள் பிரேயர். தேங்க்யூ, பாய்."

அந்த அலுவலரின் கை கீபோர்டில் அப்படியே நின்றது. அன்ரியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் அன்ரியைப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: இந்தக் குரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று நீங்கள்தான் குரலை மாற்றிப் பேசி என்னைத் தவிர்க்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

தன் குறிப்பைத் திருத்தி, முடிவெடுப்பவருக்கு அனுப்புவதாகச் சொன்னார். வெளியே வரும்போது அன்ரி காவலாளிக்கும் "தேங்க்யூ" சொன்னார். ட்ராம் நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன்.

முடிவு வரும் வரை பயந்துகொண்டுதான் இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அது வந்தபோது அம்மாவே வாசிக்கட்டும் என்று போனை அவர் கையில் கொடுத்தேன். கோரிக்கை மூடப்பட்ட நாளிலிருந்தே என் பெனிபிட் திருப்பித் தரப்பட்டிருந்தது. அம்மா எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய் ஹீட்டிங்கைப் போட்டார்.

அன்பானவர்களே, எனக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. இப்போது ஒரு தற்காலிக ஒப்பந்தம் இருக்கிறது, அதற்காகத் துதிக்கிறேன். பயமும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் ஆண்டவர் கேட்கிறாரா என்ற நான்காவது பயம் போய்விட்டது. அவர் ஒரு அதிகாரியின் மனதை மாற்றுவார் என்று காத்திருந்தேன். அவரோ, என்னைவிட அதிகமாகப் பயந்த ஒருவரை மழைக்குள் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தினார். ரஞ்சி அன்ரி இது தன்னுடைய சாட்சியும் என்கிறார். இப்போது அவர் காவலாளிகளைக் கண்டு தெருவைக் கடப்பதில்லை. உங்கள் வாசலுக்கும் ஒரு கடிதம் வந்து கை நடுங்குகிறதா? நடுங்குகிற கையோடேயே அவரிடம் வாருங்கள். உண்மையை விட்டுவிடாதீர்கள். பதில் எந்தக் கதவால் வரும் என்று நீங்கள் முடிவுசெய்யாதீர்கள்.

போன உபவாச ஜெபத்தில் கூடைக்கு முன்னால் போனைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். சத்தத்தைக் குறைத்தேனா என்று சரிபார்த்தேன். அன்ரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இண்டைக்கு ஏதும் போன் கோல் வர இருக்கோ?"

"இருக்கலாம் அன்ரி."

"வந்தால்?"

"வந்து என்னைக் கூப்பிடுங்கோ."

போனைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.