இடது காது, ஐந்து நூல் குறைவு

2025 பிப்ரவரி 12, புதன்கிழமை. காலை நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் ஐந்து பத்துக்கு வந்தது. ஆறு குடம் பிடித்தேன். இட்லி பதினான்கு, தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி. ஆறு நாற்பதுக்குத் திருக்கழுக்குன்றத்தில் பேருந்து ஏறி, ஏழு இருபதுக்கு மாமல்லபுரத்தில் இறங்கினேன். ஏழரைக்குப் பட்டறையில் கையெழுத்துப் போட்டேன். வழக்கமாக என்னோடு வரும் மகள் அன்று வரவில்லை. அவளுக்குச் செங்கல்பட்டில் இருசக்கர வாகன லைசென்ஸ் டெஸ்ட்.

இதுவரை எழுதியது அன்றைய நாட்குறிப்பில் இருப்பது. இனி எழுதுவது, அதில் இரண்டே வரியில் நான் முடித்துவிட்டது.

நான் வேலை பார்ப்பது கருங்கல் சிலை செய்யும் பட்டறையில். செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் கொல்லையில் வேர்க்கடலை பறித்த குடும்பம் எங்களுடையது. எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. இங்கே பதினெட்டு வருடம் பாலிஷ் போட்டேன். கடந்த ஆறு வருடமாக அளவு சரிபார்க்கிறேன். வரைபடத்தில் உள்ள அளவும் கல்லில் உள்ள அளவும் ஒன்றா என்று காலிப்பர் வைத்துப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நாங்கள் ஒரு நூல் என்போம். ஒரு நூல் பிசகினாலும் செங்காவியால் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவேன். ஆறு வருடத்தில் என் கோடு தவறு என்று யாரும் சொன்னதில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. சிற்பம் படித்தாள். படித்து முடித்து வந்தவளுக்கும் பட்டறையில் பாலிஷ் வேலையும் சிலைக்கு ஆடை மடிப்பு செதுக்கும் வேலையும்தான் கொடுத்தார்கள். எங்கள் பட்டறையில் எந்தப் பெண்ணுக்கும் முகம் வேலை கொடுத்ததில்லை. டிசம்பரில் பட்டறையை நடத்தும் ஸ்தபதி அவளைக் கூப்பிட்டு ஒரே வார்த்தை சொன்னார்.

“கோவளத்துக்காரர் கேட்ட பொம்மையை நீ செய். முகம் சரியா வந்தா அடுத்ததுலேர்ந்து சாமி முகம் உனக்கு. இல்லேன்னா மறுபடி எமரி பேப்பர் வெச்சுத் தேய்க்கறதுதான்.”

அந்தக் கோவளத்துக்காரர் கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுத்தரும் இளைஞர். தன் கடை வாசலில் வைக்க மூன்றரை அடியில் ஒரு உருவம் வேண்டும் என்றார். ஜப்பான் கார்ட்டூன் தொடர் ஒன்றில் வரும் படகோட்டிப் பெண். “கார்ட்டூன் இல்லம்மா, அனிமே” என்று மகள் என்னை நூறு தடவை திருத்தியிருப்பாள். பேருந்து நிலையத்தில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் பையில் அந்த முகம் இருக்கும். என் மகளின் போன் உறையிலும் அதே முகம்தான். பெரிய கண், அடர்ந்த முடி, கோபமான வாய்.

புதன்கிழமை காலை அந்தச் சிலை பாலிஷுக்குப் போக வேண்டும். ஸ்தபதி மூன்று மணிக்கு வந்து பார்ப்பதாக இருந்தது. சிலை கேட்டவர் ஐந்தரைக்கு வருவார். எட்டேகாலுக்கு அளவெடுக்க உட்கார்ந்தேன். நெற்றி சரி. மூக்கு சரி. கண் இரண்டும் ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தன. வலது காது இரண்டு அங்குலம் மூன்று நூல். இடது காது ஒரு அங்குலம் ஆறு நூல். ஐந்து நூல் குறைவு!

மறுபடி அளந்தேன். மூன்றாம் தடவையும் அதுவே. இடது மடலின் கீழ் ஓரம் வேறு கரடுமுரடாக, உளி பாதியில் நின்ற மாதிரி இருந்தது. வரைபடத்தைப் பார்த்தேன். முன்பக்கப் படத்தில் கண், மூக்கு, வாய் மட்டும் இருந்தன; காதை வலப்பக்கப் படத்தில் மட்டும் வரைந்திருந்தாள். லைசென்ஸ் பரபரப்பில் கோட்டைவிட்டிருக்கிறாள் என்று முடிவு செய்தேன்.

அப்போதே அவளுக்குப் போன் செய்திருக்கலாம். டெஸ்ட் நேரத்தில் கலவரப்படுத்த வேண்டாம் என்று நினைத்தேன். ஸ்தபதி கண்ணில் படுவதற்கு முன் சரிசெய்துவிட வேண்டும், என் பெண்ணின் முதல் முகத்தில் பிசகு என்று ஒருவரும் பேசக் கூடாது என்பதுதான் என் மனத்தில் இருந்தது. கல்லில் கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும். ஆகவே வலது காதில் காவிக் கோடு போட்டு, பாலிஷ்காரரைக் கூப்பிட்டு, “இதை அந்தப் பக்கத்துக்குச் சமமா எடுத்துடுங்க” என்றேன். அவர் கிரைண்டர் வைத்தார். பத்து மணிக்கு இரண்டு காதும் ஒரு அங்குலம் ஆறு நூல். நோட்டில் ‘சரி’ என்று எழுதினேன். மனம் நிறைந்துதான் இருந்தது.

ஒன்றரை மணிக்கு மகள் வந்தாள்.

“பாஸ்! எட்டு போட்டேன், கால் ஊணவே இல்ல. ஹெல்மெட் வாரு மாட்டலன்னு மட்டும் அந்தாளு கத்தினாரு” என்று சொல்லிக்கொண்டே சிலையைச் சுற்றி வந்தவள், வலது பக்கம் நின்றுவிட்டாள். கையிலிருந்த ஹெல்மெட்டைத் தரையில் வைத்தாள்.

“யாரு இதுல கை வெச்சது?”

பாலிஷ்காரர் இரண்டடி பின்னால் போனார். “யக்கா காவி போட்டுது. நான் எடுத்தேன். என்ன மொறைக்காத தாயி.”

“எம்மா, நீயா?”

“ரெண்டு காதும் ஒண்ணா இல்லடி. அஞ்சு நூல் வித்தியாசம்…”

“அவ காதே அப்டிதாம்மா! பாதி காது அறுந்து போனவ. எத்தினி தபா சொல்லிகினு கீறேன் உன்கிட்ட. நீ குக்கர் விசில் எண்ணிகினு இருந்திருப்ப.”

உண்மைதான். அவள் சொல்லும்போதெல்லாம் நான் வேறு எதையாவது எண்ணிக்கொண்டிருந்தேன். அன்று முதல் முறையாக, பட்டறைத் தரையில் கற்சில்லுகள் நடுவே உட்கார்ந்து, முழுதாகக் கேட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு ஆறு வயதில் ஆற்றில் வெள்ளம் வருகிறது. வீட்டுக்குள் தண்ணீர் மார்பளவு ஏறும்போது, அம்மா தன் இடுப்புத் துணியை அவிழ்த்து, பெண்ணைக் கூரை உத்தரத்தோடு சேர்த்துக் கட்டுகிறாள். அவசரத்தில் போட்ட முடிச்சு காது மடலின் கீழ்ப்பாதியையும் சேர்த்துப் பிடித்து இறுகிவிடுகிறது. பெண் கத்துகிறாள், அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அம்மா அவிழ்க்கவில்லை. தண்ணீர் அம்மாவைக் கொண்டுபோகிறது. விடிந்து ஆட்கள் வந்து அறுத்து இறக்கும்போது பெண்ணுக்கு உயிர் இருக்கிறது, பாதி காது இல்லை.

வளர்ந்த பிறகு அவள் மூடிய அறையில் உட்காரமாட்டாள். நின்றுகொண்டே சாப்பிடுவாள். அன்பாக யாராவது கையைப் பிடித்தால் உதறுவாள். செருப்பு வாரை மாட்டிவிட வந்தவனை ஒருநாள் ஆற்றிலேயே தள்ளிவிடுகிறாள். ஆனால் புயல் வரும் என்றால், கூப்பிடாமலே போய் ஊரார் படகுகள் அத்தனையையும் கரையில் கட்டிவிட்டு வருவாள். அவள் போடும் முடிச்சு ஒருபோதும் அவிழாது. அவள் அம்மா போட்ட அதே முடிச்சு.

“அந்தக் காதை மறைக்கவே மாட்டாம்மா. எல்லாரும் முடிய இழுத்து வுடச் சொல்லுவாங்க, இவ காதுக்குப் பின்னாடி தள்ளிக்குவா. அது இல்லன்னா அவ வேற யாரோ.”

மகள் சிலையின் வலது காதைத் தடவிப் பார்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“நீ கூட என்னக் கட்டிதானே போட்ட. அந்த வேப்ப மரத்துல.”

அப்போது அவளுக்கு இரண்டு வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பழைய புடவையைக் கிழித்து அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பட்டறை முற்றத்து மரத்தில் கட்டிவிட்டுத்தான் நான் பாலிஷ் போட்டேன். 2005ஆம் ஆண்டு நோட்டில் எழுதியிருக்கிறேன்: ‘குழந்தை அழுகை ஒன்பதேகால் முதல் பத்து மணி வரை. பிறகு சில்லு வைத்து விளையாட்டு.’ அழுகை நேரத்தை எழுதியவள், போய்த் தூக்கினேன் என்று எழுதவில்லை. தூக்கவில்லை.

“கிரைண்டர் ஆறடியில இருந்திச்சு. நாலரை அடிதான் உட்டுக் கட்னேன்” என்றேன்.

“அளவு கரெக்ட்டு தாயே, யாரு இல்லேன்னா?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “ஆனா இன்னைக்கும் இடுப்புலயோ கழுத்துலயோ எதுனா இறுக்கினா எனக்கு மூச்சு முட்டுது. ஹெல்மெட் வாரும் அதான். நீ கட்டலன்னா நான் கிரைண்டர்ல கை வெச்சிருப்பேன். அதுவும் தெரியும். இவளப் பாத்தப்புறம்தான் எனக்கு உன் மேல இருந்த கோவம் போச்சு.”

வாரை மாட்டாததை அலட்சியம் என்று நான் மூன்று முறை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களை நினைத்துக்கொண்டேன்.

அவள் எழுந்து, முடியைக் கட்டாமல் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சிறிய உளியை எடுத்தாள்.

“அழுவாத. கல்லு இன்னும் கீது.”

எங்கே என்று எனக்குப் புரியவில்லை. காட்டினாள். வலது காதுக்குக் கீழேயும் பின்னாலும் தலைமுடி கனமாக இறங்குகிறது. அந்த முடியை மூன்று நூல் உள்ளே தள்ளி, மிச்சமிருக்கும் காதையும் அதே ஆழத்துக்கு இறக்கினால், மடலின் கீழ்ப்பாதியை முடிக் கல்லிலிருந்தே புதிதாக எடுக்கலாம். ஆனால் ஒரு அடி தப்பினால் கன்னம் போகும். கன்னம் போனால் முகம் போகும்.

“நான் கூப்பிடும்போது மட்டும் வா. பக்கத்துல நின்னு மூச்சு வுடாத.”

வேப்ப மரத்தடிக்குப் போய் நின்றேன். சின்னச் சின்ன அடிகள். இடையில் ஊதித் தூசி தள்ளும் சத்தம்.

மூன்று மணிக்கு ஸ்தபதி வந்தார். ஒரு காது சிறியதாகவும் ஒரு காது கொத்திய நிலையிலும் இருப்பதைப் பார்த்து அவர் முகம் மாறியது.

“என்னம்மா இது? கடைசி நாள்ல காதைக் கொத்திக்கிட்டு இருக்கே?”

மகள் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன். “பிசகு என்னுது ஐயா. அவ சரியாத்தான் செஞ்சிருந்தா. கேக்காம காவி போட்டது நான்.”

“நீயா? உன் நோட்டுலயா பிசகு?”

“ஆமாங்க ஐயா. நோட்டுலயும் தப்பா ‘சரி’ன்னு எழுதிட்டேன்.”

அவர் இடது காதைப் பார்த்தார். “ஊனம் இருக்கிற சிலை நம்ம வாசலைத் தாண்டக் கூடாது.”

“சாமிக்கு ஐயா” என்றாள் மகள், உளியைக் கல்லிலிருந்து எடுக்காமலே. “இவ மனுஷி.”

ஸ்தபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஐந்தரை வரை நேரம் என்று சொல்வது போலக் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

மூன்று முறை கூப்பிட்டாள். முதல் முறை ஒரு அங்குலம் ஏழு நூல். இரண்டாம் முறை இரண்டு அங்குலம் ஒரு நூல். நாலு ஐம்பதுக்கு மூன்றாம் முறை காலிப்பர் வைத்தேன். இரண்டு அங்குலம் மூன்று நூல். கன்னத்தில் ஒரு கீறல் இல்லை. முடி உள்ளே போனதில் முகம் சற்று முன்னால் வந்து, முன்பைவிட எடுப்பாகவும் இருந்தது. இருபத்து நான்கு வருடம் இந்தப் பட்டறையில் இருக்கிறேன். தவறிய இடத்தில் இப்படிக் கல்லைத் தேடி எடுத்த கையை நான் பார்த்ததில்லை. என் மகளின் கை என்பதால் சொல்லவில்லை. அளந்துவிட்டுச் சொல்கிறேன்.

பாலிஷ்காரர் கிரைண்டரைத் தொடவே இல்லை. எமரி பேப்பரால் கையாலேயே தேய்த்து முடித்தார்.

கோவளத்து இளைஞர் ஐந்து முப்பத்தைந்துக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார்.

“இன்னா மச்சான், கும்புடப் போறியா?” என்றார் பாலிஷ்காரர்.

இளைஞர் சிரித்தார். கண்ணைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. நேராக இடது பக்கம் போய்க் குனிந்து, அறுந்த காதின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

“அக்கா, யாரு செஞ்சது?” என்று என்னிடம் கேட்டார்.

“என் பொண்ணு” என்றேன்.

“அவதான் இது. அப்டியே அவதான்.”

அவர் வண்டி ஏற்பாடு செய்யப் போனதும் ஸ்தபதி எழுந்தார். இரண்டு காதையும் கட்டைவிரலால் தடவினார். அவர் யாரையும் நேரில் பாராட்டமாட்டார். போகும்போது என்னிடம் சொன்னார்.

“வெள்ளிக்கிழமை ரெண்டடி அம்மன் ஒண்ணு முகத்துக்கு வருது. உன் பொண்ணை எடுத்துக்கச் சொல்லு. அம்மனுக்காவது ரெண்டு காதும் ஒண்ணா இருக்கட்டும்.”

நோட்டில் ‘சரி’ என்று காலையில் எழுதியதை அடித்துவிட்டு, வலது காது, இடது காது என்று இரண்டு வரியாக எழுதினேன். இடது காதின் எதிரே: ‘ஐந்து நூல் குறைவு. சரி.’

மறுநாள் காலை பட்டறைக்குள் நுழைந்ததும், கையெழுத்துக்கூடப் போடாமல், மகளின் சிறிய உளிகள் ஏழையும் எண்ணி எடுத்துக்கொண்டு, உளி முனை அடித்துத் தரும் கொல்லன் உலைக்குப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். என் முறை வந்ததும், முனை மெல்லிசாக அடித்துத் தரச் சொன்னேன்.

“இவ்ளோ மெல்லிசு இன்னாத்துக்கு யக்கா?” என்றார் உலைக்காரர்.

“முகம் வேலைக்கு” என்றேன், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி.