மாமா அழித்த பாகம்

எங்கள் மாமாவுக்குக் காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. விழுப்புரத்தில் மனைத் தரகர். பஸ்ஸில் போகும்போதுகூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "இது யாருதுன்னு விசாரிக்கணும்" என்பார். அம்மாவுக்கு அண்ணன். அப்பா லாரியோடு மாதத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுவதால், திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் மாமா சொன்னதுதான் சட்டம். அம்மா அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அக்கா அப்போது விழுப்புரத்தில் கல்லூரிக் கடைசி வருடம். நான் மூன்றாம் வகுப்பு. அக்காவிடம் இருந்தது பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப். திறந்ததும் விண்டோஸா, லினக்ஸா என்று கேட்கும். விண்டோஸ் எங்களுக்கு, நான் கேம் விளையாட, அம்மா பாட்டுக் கேட்க. லினக்ஸ் அவளுக்கு. ஹார்டு டிஸ்கில் முக்கால்வாசியை அந்தப் பக்கத்துக்கே பிரித்து வைத்திருந்தாள், மகராசி. காரணம் மல்லாட்டை, எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். இலையைப் படம் பிடித்துக் காட்டினால் செடிக்கு என்ன நோய் என்று சொல்லும் புரோகிராம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். அதற்காக வெயிலில் மல்லாட்டை போட்ட கொல்லை கொல்லையாக அலைந்து, இலைகளைப் படமெடுத்துச் சேர்த்திருந்தாள். திங்கட்கிழமை கல்லூரியில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கச் சென்னையிலிருந்து வருகிறவர்களும் பார்ப்பார்கள். அதற்கு முந்தின நாள்தான் மாமா ஏற்பாடு செய்த மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது. கேசரி, பஜ்ஜி என்ற அளவில் எனக்கும் விஷயம் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் அக்காவும் அம்மாவும் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது மாமா வந்தார். மண்டகப்பட்டுப் பக்கம் போட்ட மனைகளை ட்ரோன் விட்டு வீடியோ எடுத்திருந்தார். அதை எங்கள் லேப்டாப்பில் ஏற்றப் பார்த்தால் இடம் போதவில்லை. யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, டிஸ்கின் பாகங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் திரையைத் திறந்துவிட்டார். அடடா, அவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்! அச்சு அசல் மனை வரைபடம். விண்டோஸுக்கு லினக்ஸ் பாகத்தைப் படிக்கத் தெரியாது. அதனால் இருப்பதிலேயே பெரிய அந்தக் கட்டத்தில் பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை.

"இம்மாம் பெரிய எடத்தப் பேருகூட போடாம சும்மா வச்சிக்கினு கீறா பாரு உங்கக்கா. பொறம்போக்கு!" என்றார் என்னிடம்.

அழிக்கட்டுமா என்று லேப்டாப் கேட்டது. ஆமாம் என்றார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று ஒருமுறை அணைத்துப் போட்டார். கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ் வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

அக்கா வந்து பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. ஒரு காப்பி எடுத்து வைக்கக் கூடாதா என்று அம்மா திட்டினாள். "அவ்ளோத்துக்கும் இன்னொரு டிஸ்க் வேணும்மா, நா எங்க போவேன்?" என்று அக்கா கத்தினாள். திடீரென்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாமா பக்கம் திரும்பினாள்.

"அழிச்சப்புறம் அதுல ஏதாச்சும் ஏத்தினீங்களா மாமா?"

"எங்க ஏத்தறது? அதுக்குள்ளதான் பேஜாரு பண்ணிடுச்சே."

அக்காவுக்கு உயிர் வந்தது. "எல்லைக் கல்லத்தான் புடுங்கியிருக்காரு. நெலம் அப்படியே இருக்குது. மேல எதுவும் கட்டாத வரைக்கும் பொழச்சோம்" என்றாள். மாமாவுக்கே அது புரிந்துவிட்டது.

பென் டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை ஓட்டி, பழைய எல்லையைத் தேட விட்டாள். மேலோட்டமாகத் தேடியதில் சிக்கவில்லை. டிஸ்க் முழுவதையும் தடவிப் பார்க்க வேண்டியதாயிற்று. பாகம் பெரிது, லேப்டாப்போ கிழடு. ஞாயிறு விடிந்தும் பாதி தாண்டவில்லை. பேட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஒழுங்காக வேலை செய்யும் பிளக்கு கூடத்தில்தான் இருந்தது, மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டிய இடத்தில்.

மாமா பூவும் பழமுமாக வந்தார். "இத்த புடுங்கி உள்ள வைம்மா, ஜல்தி! வந்துடப் போறாங்க."

"புடுங்குனா மொதல்லருந்து தேடணும் மாமா. நாளைக்குள்ள முடியாது."

"முடியலன்னா போவுது. கல்யாணம் ஆவப்போற பொண்ணுக்கு மல்லாட்டை எல எதுக்கு?" என்று அவரே பிளக்கில் கை வைத்தார்.

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள். "அண்ணா, கைய எடுங்க. அவங்கள இன்னிக்கி வர வாணாம்னு சொல்லிடுங்க."

"இன்னா பேசற நீ? நா வாக்கு குடுத்துட்டேன்."

"நீங்க குடுத்தீங்க. நா குடுக்கலியே."

மாமா பிளக்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அம்மா கரண்டியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தாள். கரண்டி சூடோ என்னவோ என்று நினைத்தேன். பஜ்ஜி மாவை அவள் அப்படியே மூடி வைத்ததில் எனக்குத்தான் வயிறு எரிந்தது.

சாயங்காலம் எல்லை கிடைத்தது. அக்கா அதைப் பழையபடி எழுதிவிட்டு ஒரு போல்டரைத் திறந்தாள். திரை முழுக்க இலைகள். "எம்மா, இத்தனியுமா நீ எடுத்த?" என்றாள் அம்மா. இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். தொலைந்தபோது அழுதது சரி, கிடைத்த பிறகும் எதற்கு அழுகை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

திங்கட்கிழமை காலை அக்கா லேப்டாப் பையோடு விழுப்புரம் ரயில் ஏறினாள். நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்: "எங்க வூட்டு லேப்டாப்பு கெட்டுப்போயி எங்கக்கா கல்யாணமே நின்னுடுச்சு, தெரியுமா?"

அந்த மாப்பிள்ளை வீட்டார் பிறகு வரவே இல்லை; லேப்டாப்பால்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அக்கா சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, நானும் கல்லூரிக்குப் போன பிறகு, மாமா எனக்கும் ஒரு வரன் கொண்டுவந்தார். "அவ படிச்சி முடிக்கட்டும் அண்ணா" என்றாள் அம்மா. "செரி, படிக்கட்டும்" என்று மாமா காபியைக் குடித்தார். அன்று அக்கா கல்யாணத்தை நிறுத்தியது லேப்டாப் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.